வெள்ளிக்கிழமை ஒரு மணி

ஆம்பூருக்கு என்று சீட்டு வாங்கினாலும் ஆம்பூருக்குள் இறக்கிவிடுவார்கள் என்ற உறுதி கிடையாது. வேலூரில் ஏறும்போது தலையாட்டிய நடத்துநர், நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் விசில் அடித்து, "ஆம்பூர்லாம் இங்கியே எறங்கு, உள்ள போவாது" என்றார். என்னோடு இறங்கிய ஐந்து பேரும் மறுபேச்சு பேசவில்லை. அவர்கள் கையில் சின்னப் பைகள். என் பையில் உப்பளவு பார்க்கும் மீட்டர், தொங்கு தராசு, பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகள், முழங்கால் உயர ரப்பர் காலணி, மாற்றுடை, ஒரு நோட்டு. எதையும் விட்டுவரவில்லை என்று புழுதியில் நின்றபடியே சரிபார்த்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா மேடம், ஷூ வாங்க வந்தீங்களா, ஷூ விக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. தண்ணி பாக்க வந்தேன்."

"தண்ணியா? பாலாத்துலயா?" சிரித்தார். "அப்ப மழைக்காலத்துல வந்திருக்கணும்." பிறகு என் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "கோயமுத்தூர் பக்கமா நீங்க?"

திருப்பூர் என்றேன்.

"அங்க சாயம், இங்க தோலு. ரெண்டு ஊருக்கும் ஒரே பேஜாரு" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னார்கள். சரியான உத்தரவுதான். எங்கள் ஆற்றில் அப்போது ஒரு நாள் சிவப்பும் ஒரு நாள் நீலமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பல மாதங்கள் அவர் காலை ஆறு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு போக இடம் இல்லாமல் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆறு செத்தால் என்ன ஆகும், ஆலை மூடினால் என்ன ஆகும் என்ற இரண்டும் ஒரே வீட்டில் எனக்குத் தெரிய வந்தன. வேதிப் பொறியியல் எடுத்ததற்கு அதுவே காரணம்.

இப்போது சென்னையில் ஒரு பரிசோதனை நிறுவனத்தில் இருக்கிறேன். வெளிநாட்டுக் காலணி நிறுவனங்கள் இங்கிருந்து தோல் வாங்கும் முன், அந்தத் தோல் எவ்வளவு தண்ணீரைக் கெடுத்துவிட்டு வருகிறது என்று கேட்கின்றன. ஆலைகள் தரும் பதிலைச் சரிபார்ப்பது என் வேலை. மூன்று நாள் சோதனை, ஒரு அறிக்கை. அதற்காகத்தான் வந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆலை வாசலில் இறங்கியபோது வாடைதான் முதலில் வரவேற்றது. சாய வாடை மூக்கோடு நிற்கும். இது தொண்டைக்குள் இறங்கியது. என்னை எதிர்கொள்ள வந்த பெண் அதைக் கவனித்துவிட்டாள்.

"மூக்க மூடாதீங்க. மூடினா பழகறதுக்கு ஜாஸ்தி நேரம் ஆவும்."

நஸ்ரின் ஆலை உரிமையாளரின் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், தோல் தொழில்நுட்பம் படித்தவள். படிப்பு முடிந்ததும் வெளியூர் வேலைக்குப் போகாமல் அப்பாவின் ஆலைக்குத் திரும்பி, மற்றவர்கள் யாரும் பெருமைக்குரியதாக நினைக்காத ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டாள். உப்பு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். ஆலைக்கு வந்ததும் அதைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். உப்பு முழுவதும் தண்ணீரில் கரைந்துவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்தாலும் கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதைக் கொட்ட இடமில்லாமல் கூரைக்கு அடியில் மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். நஸ்ரினின் யோசனை எளிமையானது. ஊறப்போடும் முன்பே உப்பை உதறிவிட வேண்டும். அதற்காகக் கம்பி வலையில் ஒரு சுழலும் டிரம் செய்யச் சொன்னாள். தோல் உள்ளே புரளும், உப்பு வலை வழியே கீழே கொட்டும். சல்லடை டிரம் என்று தொழிலாளிகள் பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுடைய அப்பாவுக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. பாதி பதனிட்ட தோலை வெளியிலிருந்து வாங்கிவிட்டால் ஊறல் பகுதியே தேவையில்லை, தண்ணீர்ப் பிரச்சினையும் இல்லை என்பது அவர் கணக்கு. பல ஆலைகள் அப்படித்தான் மாறிவிட்டன. ஆனால் ஊறல் பகுதி என்பது நாற்பது பேர். வெளிநாட்டு நிறுவனம் சல்லடை டிரம்மை ஏற்று ஆர்டர் தந்தால் அந்தப் பகுதி நடக்கும், இல்லையென்றால் வருகிற மாதத்தோடு மூடப்படும் என்று மகளிடம் சொல்லியிருந்தார். நிறுவனம் ஏற்பதும் ஏற்காததும் என் அறிக்கையில் இருந்தது. இதை நஸ்ரின் முதல் பத்து நிமிடத்திலேயே நேராகச் சொல்லிவிட்டாள்.

"உங்கள பயமுறுத்த சொல்லல. தெரிஞ்சிருக்கணும் இல்ல, அதுக்குதான்."

மதியம் பிரியாணி வரவழைத்தாள். இந்த ஊரில் அதைக் காலை பத்து மணிக்கே சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள், பதினொன்றுக்குப் போனால் நல்ல கறித்துண்டு கிடைக்காது என்றாள். சீரகச் சம்பா அரிசி, காரம் கம்மி, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய். சாப்பிட்டு முடிக்கும்போது வாடை எனக்கு மறந்திருந்தது. அதை நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

பிற்பகலில் பதிவுகளைப் பார்த்தேன். பதின்மூன்று வாரங்கள், ஒவ்வொரு மணிக்கும் ஊறல் தண்ணீரின் உப்பளவு. கணினியில் எங்கள் நிறுவனம் தந்த படிவத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. இத்தனை ஒழுங்கான பதிவை நான் இந்த வேலைக்கு வந்த பிறகு பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். நஸ்ரின் சிரிக்கவில்லை. "சரி, டிரம்ம பாக்கலாம் வாங்க" என்றாள்.

வியாழக்கிழமை முழுக்கத் தராசோடு நின்றேன். சல்லடை டிரம்மை இயக்குகிறவன் திலீப். வேதியியலில் பட்டம் பெற்றவன், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு கிராமத்திலிருந்து வருகிறான். ஊறல் பகுதியின் மேஸ்திரி லோகநாதன் இருபது வருடமாக இங்கே இருப்பவர். திலீப்பை ஒரு நிமிடம் சும்மா விட மாட்டார்.

"டிகிரி படிச்சிட்டு உப்பு தட்றான் மேடம். எங்க காலத்துல படிக்காமயே தட்டினோம்."

"நீங்க தட்டனது எல்லாம் டிரெய்னேஜ்ல போச்சு மேஸ்திரி. நான் தட்டறது மூட்டைல நிக்குது."

"வாய பாரு. மூட்ட கட்றதுக்கு ஒரு காலேஜு."

ஆயிரம் ஆட்டுத் தோலுக்கு மூன்று மூட்டை உப்பு விழுந்தது. ஒவ்வொன்றையும் நானே தூக்கு கொக்கியில் மாட்டி நிறுத்தேன். சுத்தமான பகுதியைச் சலித்து, புதுத் தோலுக்குத் தடவத் திரும்ப அனுப்புகிறார்கள். மீதி ஒரு கொட்டகையில் இருந்தது. பதின்மூன்று வார மூட்டைகள், ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் எழுதிய அட்டை. ஊறல் தண்ணீரைக் குப்பியில் பிடித்து என் மீட்டரில் பார்த்தேன். பதிவில் இருந்த எண்ணும் என் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அன்று மதியத்துக்குள் என் மனதில் அறிக்கை முடிந்துவிட்டது.

மாலை நான்கு மணிக்குக் கீழ்ப்பக்கத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. நஸ்ரின் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். தென்னந்தோப்புக்குத் திரும்பும் மண்பாதையில் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. அவள் தள்ள, நான் குப்பிகள் உடையாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்க, ஒரு மோட்டார் கொட்டகை வாசலில் நின்றோம். கிணற்றுக்குச் சொந்தக்காரர் அஞ்சலை, திலீப்பின் அம்மா.

அவர் நஸ்ரினை மேலும் கீழும் பார்த்தார். "தோல் ஷாப்புக்கார பொண்ணு வண்டி தள்ளிக்கினு வருது. இன்னா அதிசயம்."

"பஞ்சர் ஆயிடுச்சு அத்த."

"ஆவும் ஆவும். எங்க ஊரு ரோடு உங்க லாரி போட்டது தான?"

சொல்லிக்கொண்டே உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். நான் தம்ளரைக் கையில் வைத்துத் தயங்கியதைப் பார்த்து, "குடி கண்ணு. கேன் தண்ணி தான். கெணத்துத் தண்ணிய மாடு கூட மோந்து பாத்துட்டு திரும்பிக்குது" என்றார்.

கிணற்றில் குப்பியைக் கட்டி இறக்கினேன். மேலே வந்த தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மீட்டரை நனைத்ததும் எண் ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் கெட்ட தண்ணீருக்கு நிறம் இருந்தது, யாரும் ஏமாற வழியில்லை. உப்புக்கு அதுவும் இல்லை.

"இது உங்க தாத்தா காலத்துல கெட்டது" என்றார் அஞ்சலை நஸ்ரினிடம். குரலில் கோபம் இல்லை. "தென்ன தான் தாங்குது, நெல்லு போச்சு. உங்கள திட்டலாம்னு பாத்தா என் புள்ள சம்பளம் அங்க இருந்து தான் வருது. திட்டாம இருக்கலாம்னு பாத்தா இந்த கெணறு. நீ இன்னாமோ உப்ப தனியா தட்டி எடுக்கறியாம், புள்ள சொல்றான். நெஜமாவா?"

"நெஜந்தான் அத்த."

"நெஜமா இருந்தா சரி."

திரும்பும் வழியில் பஞ்சர் கடை வரை நஸ்ரின் தனியாகவே வண்டியைத் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கடைசிச் சுற்றுக் குப்பிகளை நிரப்பினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக் குப்பிகள் ஆயின. பன்னிரண்டேகாலுக்கு யாரோ பிரதான சுவிட்சை இறக்கினார்கள். சல்லடை டிரம்மும் தோல் ஊறும் டிரம்களும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. மூன்று நாளாக அந்த இரைச்சலுக்குள் இருந்த எனக்குக் காது அடைத்தது போலிருந்தது. ஆண்கள் கை கால் கழுவிக்கொண்டு தொப்பி மாட்டினார்கள். உரிமையாளர் வெள்ளை உடையில் காரில் ஏறினார். மற்றவர்கள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள்.

லோகநாதனிடம் கேட்டேன். "டிரம் எப்பங்க ஓடும்?"

"ஜும்மா மேடம். ரெண்டேகாலுக்கு போடுவாங்க. மொதலாளியோட அப்பா, பெரிய பாய் காலத்துல இருந்து இது தான் வழக்கம். ஓட்டிட்டு போனா யாரு பாக்கறது?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்?"

"ஆமா. எங்களுக்கும் அன்னிக்கு தான் நிம்மதியா சோறு."

"ஒரு மணி அளவு யாருங்க எடுப்பாங்க?"

"எங்க எடுக்கறது? மீட்டரு ஆபீஸ் அலமாரில. சாவி கெமிஸ்ட் பாய்கிட்ட. அவரு பள்ளிவாசல்ல." மேஸ்திரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நான் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தைத் திறந்தேன். பதின்மூன்று வெள்ளிக்கிழமைகள். பதின்மூன்றிலும் ஒரு மணிக்கு ஓர் அளவு இருந்தது, இரண்டு மணிக்கும் இருந்தது. பன்னிரண்டு மணி எண்ணையும் மூன்று மணி எண்ணையும் எடுத்துக் கழித்து மூன்றால் வகுத்து, வந்ததை மணிக்கு ஒரு பங்காகச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு தசமம்கூடப் பிசகாமல் பொருந்தியது. ஓடாத டிரம்மிலிருந்து, பூட்டிய அலமாரிக்குள் இருந்த மீட்டர் எடுத்த அளவுகள்.

நஸ்ரின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

"நான் தான் போட்டேன்" என்றாள். "திலீப்புக்கு தெரியாது. கெமிஸ்டுக்கும் தெரியாது."

"ஏனுங்க? மத்த நாள் எல்லாம் சரியா இருக்குதே."

அவள் கைபேசியில் ஒரு மின்னஞ்சலைத் தேடி எடுத்து என் முன் வைத்தாள். முதல் வாரத்தில் அவள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியது. வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் ஆலை நிற்கும், அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டால் படிவம் சிவப்பாகி அனுப்ப மறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். கீழே பதில் இருந்தது. "எல்லாக் கட்டங்களும் கட்டாயம். காலியாக உள்ள படிவம் ஏற்கப்படாது." அதற்கும் கீழே என் பெயர்.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவள் நான்தான். மணிக்கொரு வரி, ஒன்றும் விடுபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரு நாளைக்கு இருபது மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவேன். அந்த ஒன்றை எழுதிய நினைவு எனக்கு இல்லை.

"ரெண்டு வாரம் படிவம் போவாம நின்னுச்சு" என்றாள் நஸ்ரின். "அப்பா தெனம் கேட்டாரு, இன்னும் ஒத்துக்கலையான்னு. மூணாவது வாரம் நெரப்பினேன். பச்ச ஆயிடுச்சு. பழைய ரெண்டையும் நெரப்பினேன். அப்பறம் வாராவாரம் அதே." பிறகு, "அந்த வரிய மட்டும் பாக்கலன்னு விட்டுட முடியுமா?" என்றாள்.

நான் பதின்மூன்று தேதிகளையும் நோட்டில் எழுதத் தொடங்கினேன். அவள் முகம் சிவந்தது. "கேட்டிருக்கக் கூடாது. மறந்துடுங்க."

இரண்டேகாலுக்கு டிரம்கள் ஓடத் தொடங்கின. உரிமையாளர் வந்ததும் அவளே போய்ச் சொன்னாள். இருவரும் முற்றத்தில் நின்று உருதுவில் பேசினார்கள். அவர் குரல் உயரவேயில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. என் பக்கத்தில் நின்ற லோகநாதன் கேட்காமலே மெதுவாகத் தமிழில் சொன்னார். "நெரப்ப முடியலன்னா என்கிட்ட சொல்ல வேண்டியது தானன்னு கேக்கறாரு... சொன்னா அன்னிக்கே மூடியிருப்பீங்கன்னு பாப்பா சொல்லுது... ஆமா மூடியிருப்பேன்னு சொல்றாரு." கடைசியாக உரிமையாளர் சொன்னதை மேஸ்திரி மொழிபெயர்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரம் பக்கம் போய்விட்டார்.

திலீப் கொட்டகையிலிருந்து வந்தான். கை முழங்கை வரை உப்பு பூத்திருந்தது. விஷயம் அதற்குள் அவனுக்கும் எட்டியிருந்தது.

"எங்கம்மாகிட்ட நெஜம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றான் நஸ்ரினிடம். பிறகு என்னைப் பார்த்தான். "மேடம், கம்ப்யூட்டர்ல இன்னா இருக்குன்னு எனக்கு தெரியாது. மூட்ட இருக்கு. எல்லாத்தையும் நிறுத்துக்கோங்க. நான் தூக்கறேன்."

என் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தோம். திலீப் தூக்கினான், நான் எண்ணைச் சொன்னேன், நஸ்ரின் எழுதினாள். பாதியில் லோகநாதனும் வந்து கொக்கியைப் பிடித்தார். "டிகிரிக்காரனுக்கு இடுப்பு புடிச்சிக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் வேலை கொஞ்சம் இலகுவானது. பதின்மூன்று வார உப்பு. அட்டையில் இருந்த எடையும் தராசின் எடையும் இரண்டு மூட்டைகளில் மட்டும் வேறுபட்டன. அந்த இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

மின்னஞ்சலைப் பற்றி நான் நஸ்ரினிடம் பேசியது புறப்படும்போதுதான். "அந்தப் பதில் என் தப்பு. அதையும் அறிக்கைல எழுதுவேன். நீங்க நிரப்பினதையும் எழுதுவேன்."

"தெரியும்" என்றாள். வாசல் வரை வந்து, ஆட்டோவில் என் பையை அவளே ஏற்றிவிட்டாள்.

அறிக்கையைச் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். வெள்ளிக்கிழமை அளவுகள் எடுக்கப்பட்டவை அல்ல, நிரப்பப்பட்டவை. நிரப்பும்படி தள்ளியது எங்கள் படிவமும் என் பதிலும். சல்லடை டிரம் வேலை செய்கிறது, நிறுத்த எடைகள் இணைப்பில். இந்த மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, எதையும் எதற்குப் பின்னாலும் ஒளிக்காமல் வைத்தேன். என் மேலாளர் இரண்டாவதை எடுத்துவிடலாமே என்றார். அதை எடுத்தால் முதலாவது பாதி உண்மைதான் என்றேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

வெளிநாட்டு நிறுவனத்தின் பதில் பத்து நாளில் வந்தது. பதின்மூன்று வாரப் பதிவும் செல்லாது, புதிதாக மூன்று மாதம் தொடங்க வேண்டும், இந்தப் பருவத்து ஆர்டர் கிடையாது. அடுத்த பருவத்துக்கு இப்போது உறுதி தர இயலாது.

நஸ்ரினைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பின்னால் டிரம் ஓடும் சத்தம் கேட்டது.

"மூடலையா?"

"மூணு மாசம்னு சொல்லியிருக்காரு. பாதி ஆளு, பாதி டிரம்மு. இன்னொரு பாதிய தெரிஞ்சவங்க டேனரிக்கு அனுப்பிட்டாரு. மேஸ்திரி இருக்காரு. திலீப் இருக்கான். மூணு மாசத்துக்கு அப்பறம் தெரியாது" என்றாள்.

படிவத்தை மாற்றினேன். காலியாக விடலாம், விட்டால் காரணம் எழுத வேண்டும். கணினியில் அதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. பதின்மூன்று வாரமும் ஒருத்தியின் நல்ல பெயரும் பாதி ஊறல் பகுதியும் அந்த ஒன்பது நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கின்றன.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆம்பூரிலிருந்து முதல் படிவம் வந்தது. வழக்கமாக மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். அன்று நேராக ஒரு மணிக்குப் போனேன். கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தாள்: "ஜும்மா. டிரம் நின்றது. அளவு எடுக்கவில்லை." இரண்டு மணிக்கும் அதுவே. மூன்று மணிக்கு ஓர் எண் இருந்தது. அதை நம்பினேன்.